மேளம் கொட்டாத மாப்பிள்ளை ஊர்வலம்

1964, வைகாசி மாதம். பகல் பதினொன்றரைக்குக் கோலார் தங்கவயலின் கடைசி நிலையமான மாரிக்குப்பத்தில் இறங்கினோம். குடியாத்தத்து மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர். பக்கத்து வீட்டுக்காரன் என்ற தகுதியில் நானும். தேநீர் பத்துப் பைசா, நல்ல தித்திப்பு. வழியில் அதிகாரிகளின் பங்களாக்களையும் கத்தரித்த புல்தரையையும் பார்த்து மாப்பிள்ளையின் தாய்மாமன் முனுசாமி சொக்கிப்போனார். "நாகரிகம்னா இதாம்பா!"

அரைமணி நடையில் ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் தொழிலாளர் லைன் வந்தது. தகரக் கூரை, மூங்கில் தட்டிச் சுவர், வரிசையாக ஒற்றை அறை வீடுகள். எங்களோடு வந்த மேளக்காரர் குச்சியை ஓங்கினார். பெண்ணின் தகப்பனார் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி, வாங்க. மேளம் மட்டும் இப்ப வேணாங்க. நைட் ஷிப்ட் ஆளுங்க தூங்கறாங்க. ரெண்டு மணிக்குச் சுரங்கத்துச் சங்கு ஊதட்டும்."

மாமன் முகம் சிவந்தது. "இன்னாயா இது? கருமாதிக்குக்கூட மேளம் உண்டே! மூட்டையத் தூக்குங்கடா, அடுத்த ரயிலுக்கே திரும்பலாம்."

பந்தல் போட்டாயிற்று, நாங்கள் திரும்பினால் கல்யாணம் நின்றுபோகும். பெண்ணின் தாய் கிளியம்மாள் முன்னால் வந்தார். குரல் உயரவில்லை.

"போறதுன்னா போங்கண்ணே. ஒரு தபா எட்டிப் பாத்துட்டுப் போங்க."

முதல் வீட்டின் சாக்குத் திரையை விலக்கினார். இருட்டுக்குள் நான்கு பேர் கட்டையாய்க் கிடந்தார்கள். ஒருவர் தூக்கத்திலும், பாறை துளைக்கும் மிஷினைப் பிடித்தவர்போல் இரண்டு கைகளையும் இறுக்கியிருந்தார்.

"ஒரு மைலுக்கும் கீழ அனல்ல வெந்துட்டு, காலைலதான் இரும்புக் கேஜ்ல ஏறி மேல வந்தாங்க. இங்க பிச்சைக்காரன்கூட பகல்ல கூவ மாட்டான். சோறு போடறவன் பெரியவன், தூக்கத்தக் கெடுக்காதவன் அவனுக்கும் பெரியவன்."

மாமன் குனிந்து, கிறீச்சிடும் புதுச்செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கம் திரும்பி உதட்டில் விரல் வைத்தார்.

பெண்கள் வளையலை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டார்கள். தகரப்பெட்டி கடகடக்காமல் இருவர் தூக்கினார்கள். அந்த வழியாக வந்த வேர்க்கடலைக்காரர் கூவாமல் கூடைத் துணியை மட்டும் தூக்கிக் காட்டினார். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விலா வலித்தது.

பந்தலில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. சாக்குத் திரைகள் படபடவென்று விலகின. கை இறுக்கித் தூங்கியவர் லுங்கியோடு வந்து நின்றார். "மாப்ள வந்தாச்சா? மேளம் எங்கய்யா? எங்க லைன் பொண்ணு கல்யாணம், இன்னா இப்பிடி உம்முனு கீறீங்க!"

அப்புறம் அடித்த மேளத்துக்கு முதலில் ஆடியவர் மாமன்தான்.

பிறந்ததிலிருந்து குடியாத்தத்தில் அதே தெருவில் இருக்கிறேன். அங்கே பகலில் யார் தூங்குகிறார் என்று எனக்குத் தெரியாது.