மண்டபத்து வாசலில் கழுவிய கரி

எங்கள் மண்டபத்தைக் கெடுத்தது நீங்கள்தான், மரபுரிமைக் குழுத் தலைவர் அவர்களே. சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

ஹேவாஹெட்டப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது அந்தக் கல் மண்டபம். நூறு வருடத்துக்கும் முன்னால், குடியை ஒழிக்க வேண்டுமென்று அமெரிக்காவில் கிளம்பிய பெண்களில் ஒருத்தி இங்கே வந்து கட்டியது என்பார்கள். "இனிக் குடிக்க மாட்டேன்" என்று அட்டையில் கையெழுத்து வாங்குவாளாம். எங்கள் ஆட்களுக்கு வெறும் அட்டை போதவில்லை. வாசற்கல்லில் சூடம் ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினார்கள். அவள் போன பிறகும் அது நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து பெண்கள் கூடுவோம். என் புருஷன் சத்தியம் பண்ணியதும் அங்கேதான். அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை.

போன வருடம் கண்டியிலிருந்து வேனில் வந்தீர்கள். கல்லில் படிந்திருந்த சூடக் கரியை அழுக்கு என்று சொல்லி, மருந்து ஊற்றிச் சுரண்டினீர்கள். அந்த வெள்ளைக்காரியின் படத்தைச் சுவரில் மாட்டினீர்கள். திறப்பு விழாவுக்குத் தேத்தண்ணி ஊற்ற எங்களைக் கூப்பிட்டீர்கள். அப்புறம் கேட்டுக்குப் பூட்டு.

போன மாதம் என் தம்பி, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவன், தானாகவே கேட்டான்: "அக்கா, சத்தியம் பண்ணிடுறேன், வா." சூடத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அவனோடு ஓடினேன். காவல்காரர் கேட்டைத் திறக்கவில்லை.

"குழுவோட கடுதாசி இருக்கா?"

"குடிய விடுறதுக்குமா கடுதாசி?" என்றேன்.

"நெருப்பு கொளுத்தக் கூடாதாம்மா. கல்லு கெட்டுப்போயிருமாம்."

தம்பி சிரித்துவிட்டான். "பாத்தியாக்கா, சாராயக் கடைக்காரன் ஒருநாளும் எங்கிட்ட கடுதாசி கேட்டதில்ல."

கோயிலில் பண்ணலாம் என்று கெஞ்சினேன். "மச்சான் பண்ணுன கல்லுலதான் பண்ணுவேன்" என்று கையை உதறிக்கொண்டு போனான். அன்றைக்கே குடித்தான். இன்றும் குடிக்கிறான். வயிறு மறுபடி வீங்குகிறது.

குடித்தது அவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. மனசு வந்த அந்த ஒரு நாளில் கதவைச் சாத்தி வைத்திருந்தது நீங்கள்.

இரண்டு கடிதம் போட்டோம். பதில் இல்லை. இனிக் கடிதம் போட மாட்டோம். வருகிற வெள்ளிக்கிழமை தோட்டத்துக்கு வாருங்கள். தோட்டத்துச் சனம் எல்லாருக்கும் முன்னால் நின்று வாயைத் திறந்து சொல்லுங்கள்: குடியை விட வருகிறவனுக்கு அந்தக் கேட்டைத் திறப்பீர்களா, மாட்டீர்களா?