திருப்பாத பெட்டி

4.7 சதவீதம். இரண்டு வருடமாக அவருக்கு அடையாள அட்டையே அந்த எண்தான். வானியற்பியல் துறையில் அவரைப் பெட்டிக்காரர் என்பார்கள். பிரபஞ்சத்தின் ஒரு துண்டைக் கணினிக்குள் கனசதுரமாக அடைத்து, ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளைத் துளியும் சுருக்காமல் தீர்த்து, அதன் வழியே ஒளிக்கதிர்களை ஓட்டிப் பார்ப்பது அவர் பிழைப்பு.

தூரத்து விண்மீன் மண்டலத்தின் ஒளி நம்மிடம் வரும் வழியில், இடையில் உள்ள பொருளின் ஈர்ப்பால் சற்றே வளைகிறது. மண்டலத்தின் உருவம் ஒரு மயிரிழை இழுபடும். ஒன்றைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது; லட்சக்கணக்கில் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் பிடிபடும். மற்றவர்கள் நியூட்டனை வைத்துப் போட்ட கணக்கைவிட இந்த இழுப்பு 4.7 சதவீதம் அதிகம் என்று பெட்டிக்காரர் எழுதினார். ஒரு சதவீதம்கூடத் தேறாது என்று நினைத்திருந்த துறையே அசந்துபோனது. செய்தித்தாளில் படத்தோடு வந்தது. மாமனார் அந்தப் பக்கத்தை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, முடிவெட்டும் கடை முதல் வங்கி வரிசை வரை காட்டினார். விளக்கம் கேட்டவர்களிடம், "மாப்பிள்ளை வெளிச்சத்தையே வளைச்சிட்டாரு" என்றார்.

ஒரு நாள் காலை, வேறு எதற்கோ பழைய கணினி நிரலைத் திறந்த பெட்டிக்காரர் ஒரு வரியில் நின்றுவிட்டார். பெட்டி சிறியது, கதிர் போக வேண்டிய தூரம் பெரியது. அதனால் ஒரு பக்கம் வெளியேறும் கதிரை மறுபக்கம் உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திருப்பி, நகர்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கதிர் அதே விண்மீன் கூட்டத்தைத் திரும்பத் திரும்பக் கடக்கும். திருப்பச் சொல்லும் வரி அணைந்து கிடந்தது. ஏதோ சோதனைக்காக அவரே அணைத்தது. ஒரே ஊர்வலத்தை நாலு தெருமுனையில் நின்று எண்ணிவிட்டு, கூட்டம் நாலு மடங்கு என்று சொன்ன கதை. யாரிடமும் சொல்லாமல் பெட்டியைத் திருப்பி மறுபடி ஓட்டினார். பத்து நாளில் விடை வந்தது: 0.3.

தவறு யாருக்கும் வரும். அவரைக் கூசவைத்தது வேறு. கட்டுரையை அனுப்புவதற்கு முந்தின வாரம், கூட எழுதிய இளைய ஆய்வாளர் ஒருத்தி, அவரை வாய் நிறைய அண்ணா என்பவள், மேசையோரம் வந்து நின்று, பெட்டியைத் திருப்பித்தானே ஓட்டினீர்கள் என்று கேட்டிருந்தாள். திரையிலிருந்து தலையைத் தூக்காமல், "அதெல்லாம் பார்த்தாச்சு" என்றார். பார்க்கவில்லை. பார்க்கப் பத்து நாள் வேண்டும். மாநாட்டுக் கெடுவுக்கு நாலு நாள்தான் இருந்தது.

இப்போது அவளுக்கு ஒரு நிரந்தர வேலைக்கு நேர்முகம், வரும் திங்கட்கிழமை. பேசப்போவது முழுக்க அந்த எண்ணைப் பற்றி. விடை வந்தபின் பெட்டிக்காரர் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. அவள் எதிரே வந்தால் பேனாவைத் தேடினார். காலையில் மட்டும் வழக்கம்போலச் சேர்ந்து டீ குடித்தார். அதை நிறுத்தினால் சந்தேகம் வருமே.

வியாழக்கிழமை மதியம் அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கே வந்துவிட்டாள். திங்கட்கிழமைப் பேச்சின் முதல் படத்திலேயே 4.7, முழங்கை நீளத்துக்கு.

"இந்த நம்பர் இல்லேன்னா என்னை வாசல்லயே நிறுத்தியிருப்பாங்க அண்ணா."

"அந்த நம்பர் தப்பு," என்றார். "பெட்டியைத் திருப்பல."

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

"நான் கேட்டேனே."

"கேட்டே. பொய் சொன்னேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"ஒன்பது நாள் ஆச்சு."

அவள் மடிக்கணினியை மெதுவாக மூடினாள். "கணக்கு தப்பினதுகூடப் பரவாயில்ல. ஒன்பது நாளா எதிர்ல உக்காந்து டீ குடிச்சிருக்கீங்க."

அவருக்குக் காது மடல் எரிந்தது. மன்னிப்பு என்று ஆரம்பித்தார். அவள் கதவருகே போய்த் திரும்பினாள்.

"புது ஃபைலை இப்பவே அனுப்பிடுங்க, சார்."

சார். நாலு வருடத்தில் முதல்முறை.

திங்கட்கிழமை அவள் இரண்டு எண்களையும் அருகருகே போட்டு, எங்கே தவறியது என்பதையே பேச்சாக்கினாள். தேர்வுக்குழு நிறையக் கேள்வி கேட்டது. வேலை வேறொருவருக்குப் போனது.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் அடுத்த மாத இதழில் வருகிறது. கையெழுத்து பெட்டிக்காரருடையது மட்டும். "கூட எழுதியவர் முன்பே கேட்டார், நான் பார்த்ததாகப் பொய் சொன்னேன்" என்பது அதன் இரண்டாவது வரி.