அப்பாவுக்கு மணக்காத கற்பூரம்

கற்பூரப் புகை என் கண்ணைக் கரித்தது. அப்பா மட்டும் தட்டை மூக்குக்குக் கிட்டப் பிடித்து மோந்துவிட்டுச் சினந்தார்.

"கடைக்காரன் ஏமாத்திப்போட்டான் பிள்ளை. இது மணக்கவேயில்லை."

கொரோனாவுக்காகக் கம்பஸை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்த நேரம். நயினாதீவில் எங்கள் ஒழுங்கையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அப்பாதான் அங்கே ஐயர். நான் மெடிக்கல் இரண்டாம் வருஷம். ஊருக்கோ அப்போதே டொக்டர்...

"கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சா வராதாம், உண்மையோ?" என்று வேலிக்கு மேலால் கேட்பார்கள். நானும் பெரிய ஆள் மாதிரித் தலையாட்டுவேன்.

எனக்குக் கற்பூரம் நன்றாகவே மணந்தது. மணம் தெரியாமல் போவது கொரோனாவின் அறிகுறி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம்.

குசினிக்கு ஓடித் தேசிக்காயை வெட்டி நீட்டினேன்.

"மணக்குதோ அப்பா?"

"இல்லை."

கோப்பித்தூள்... அதுவும் இல்லை.

காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஆனால் மூக்கை அடைக்கும் பீனிசம் அவருடைய பழைய சொத்து. இது பீனிசமா, கொரோனாவா? மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் பெயர் எனக்குப் பாடம். அது ஏன் வேலை செய்யவில்லை என்பது படிப்பில் இன்னும் வரவில்லை.

கூடப் படிக்கிற பட்ச்சின் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். "கொரோனாதான், தனிய விடும்" என்றாள் ஒருத்தி. "சைனஸ், ஆவி பிடிக்கச் சொல்லும்" என்றான் இன்னொருத்தன். மூன்றாவது ஆள் கும்பிடுகிற இமோஜி போட்டான். நல்ல டொக்டர்மார்!

அப்பா பின்னேரப் பூசைக்கு வெளிக்கிட்டார். அவர் கையால் விபூதி வாங்க வருவதெல்லாம் வயதான சனம். அவர் போகாவிட்டாலோ விளக்கு வைக்கவும் ஆளில்லை. ஒருநாளும் அங்கே பூசை நின்றதில்லை. வாசலில் மறித்தேன்.

"அப்பா, இண்டைக்குப் போகாதேங்கோ."

"அந்த வருத்தந்தானெண்டு வடிவாத் தெரியுமோ பிள்ளை?"

"தெரியாது அப்பா..."

அழுகை வந்துவிட்டது.

அப்பா கையிலிருந்த கோயில் கதவுத் திறப்பை ஆணியில் கொழுவிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

அடுத்த நாள் சோதித்ததில் நெகட்டிவ். "அது பிழையாவும் காட்டும்" என்றது குரூப். சில கிழமைகளில் மணம் தானாகத் திரும்பியது. பூசை ஏன் நின்றது என்று கேட்டவர்களிடம், "எனக்கு ஏலாமக் கிடந்தது" என்றார் அப்பா. என் பெயரை எடுக்கவேயில்லை.

இப்போது வார்டில் நான் முழு டொக்டர். ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு சொன்னாலும், "கூகிளில வேறமாதிரிக் கிடக்கு டொக்டர்" என்கிறார்கள். கோபம் வருவதில்லை. அன்றைக்கு நான் சொன்னது சரியா பிழையா என்று எனக்கே இன்னும் தெரியாது...

தெரியாது என்று அழுத ஒருத்தியை நம்பி, அப்பா பிள்ளையாரை இருட்டில் விட்டார்.