எட்டு செல்லோடு நின்றவை

பத்துமலை, மலேசியாவில் கோப்பெங் ஊரில் செம்பனை எண்ணெய் லாரி ஓட்டுபவன். நாற்பதை நெருங்கியும் பிள்ளை இல்லை என்று அவனும் மனைவி புனிதாவும் ஈப்போவில் ஒரு கருத்தரிப்பு கிளினிக்குக்குப் போனார்கள். அவளுடைய முட்டைகளை எடுத்து அவன் விந்தோடு தட்டில் சேர்த்தார்கள். உண்டான கருக்கள் எல்லாமே மூன்றாம் நாள் வளராமல் நின்றுவிட்டன.

கிளினிக் ஆய்வகத்தில் வேலை செய்யும் சாந்தினி போன் செய்தபோது புனிதா கையுறைத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தாள். பத்துமலைதான் எடுத்தான்.

"எட்டு செல் ஆகுற வரைக்கும் நல்லாத்தான் பிரிஞ்சுச்சு அண்ணே. அதுவரைக்கும் முட்டைக்குள்ள அம்மா சேர்த்து வெச்சதே போதும். அப்புறம் கருவோட சொந்த ஜீன் முழிச்சு வேலை செய்யணும். அதுல பாதி அம்மாவோடது, பாதி அப்பாவோடது. அது சரியா முழிக்கலன்னு நினைக்கிறோம்."

"யாரால?"

"அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாது லா. ஆனா அக்கா வேலைக்குப் போனதால இல்ல. கரு எங்க தட்டுலதானே இருந்துச்சு."

வீட்டில் அவன், "நின்னு போச்சாம்" என்று மட்டும் சொன்னான். அப்பாவோடது பாதி என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவன் அம்மா முத்தம்மா சும்மா இருக்கவில்லை. "முட்டை எடுத்த மறுநாளே வேலைக்கு ஓடினா எப்படித் தங்கும்?"

புனிதாவும் அதையே நம்பினாள். வேலையை விட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அவன் தினமும் சீக்கிரமே லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். வழியெல்லாம் அவள் முதுகுதான் கண்ணில் நிற்கும்.

பக்கத்து வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவுக்குக் கூப்பிட்டார்கள்.

"நீங்க போய்ட்டு வாங்க. என் கை பட்டா அதுக்கும் ஏதாச்சும் ஆயிரும்" என்றாள் புனிதா.

பத்துமலைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அம்மா இருக்கும்போதே சொன்னான்.

"உன்னால இல்ல புனிதா. கரு உன் வயித்துக்குள்ள வரவே இல்ல. கிளினிக்குல அந்தச் சாந்தினிப் புள்ள அப்பவே சொல்லிருச்சு."

"அப்பவேன்னா?"

"போன் வந்த அன்னிக்கே."

முத்தம்மா ஏதோ சொல்ல வந்தாள். "விடும்மா. அதுல பாதி என்னோடதும்தான்" என்றான்.

புனிதா அழவில்லை. "நான் வேலையை விட்டப்பகூடப் பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க" என்றாள்.



அடுத்த வாரம் அவள் கேட்டுப் பேசி மறுபடி வேலைக்குச் சேர்ந்தாள். கிளினிக்குக்கும் அவளே போன் செய்து சாந்தினியிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். முத்தம்மா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. பத்துமலை தனக்கான பரிசோதனைக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தான். இன்னொரு தடவை முயன்று பார்க்கலாமா என்று புனிதாவிடம் கேட்க மட்டும் அவனுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.