அட்டைக்குச் சவர்க்காரம்

இருளப்பனுக்கு அந்தப் பெயரை வைத்தது மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், குலசாமியை நினைத்து. பாதியில் வெட்டியது கண்டிக்கு வந்த வெள்ளைக்காரர்கள். வாவிக்கு மேலே மேட்டில் இருக்கிறது ஸெய்னுலாப்தீன் முதலாளியின் விடுதி. முதுகில் மூட்டையோடு மூச்சிரைக்க ஏறி வருகிறவர்கள் முழுப் பெயருக்கு நாக்கு வளையாமல், வாசலிலேயே "இரு! இரு!" என்பார்கள். அவனும் இருந்தான். பன்னிரண்டு வருஷமாக அந்த வரவேற்பு மேசைக்குப் பின்னாலேயே இருந்தான். கண்டியைத் தாண்டி அவன் போன தூரம் வடக்கே மாத்தளை, தெற்கே கம்பளை. ஆனால் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் "இருளப்பனா? தீவுக்கெல்லாம் போய் வந்த ஆளாச்சே" என்பார்கள். அப்படிச் சொல்லிவைத்தவனும் அவனேதான்.

யுத்தம் முடிந்து கிழக்குப் பாதை திறந்த புதிது. திருகோணமலைப் பக்கம் கரையிலிருந்து வள்ளத்தில் கால் மணி நேரம் போனால் ஒரு குட்டித் தீவு, நாலு குடில், கொஞ்சம் தென்னை, சும்மா கிடந்து களைப்பாற அதைவிட நல்ல இடமில்லை என்று போய் வந்த ஒருத்தி சொல்லி, வள்ளக்காரரின் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்து வந்த ஜோடி, "அங்கே எப்படி இருக்கும் இரு?" என்று கேட்டது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லுகிற வாயா அது! வள்ளக்காரர் ராஜலிங்கத்துக்கு போன் போட்டான்.

"அண்ணே, அந்தத் தீவுல என்னங்க இருக்கு?"

"கடல் இருக்கு, காத்து இருக்கு. இந்த முறை அட்டை எக்கச்சக்கம் தம்பி!"

மடுல்கெல்லக்காரனிடம் போய் அட்டை என்றால்! மழைக் காலத்தில் மலைக்கு ஏறுமுன் அவன் அம்மா கணுக்காலிலிருந்து முட்டிவரை உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டுதான் கொழுந்து பறிக்கப் போவாள். அட்டை ஏறினாலும் வழுக்கி விழும். மீறி ஒட்டினால் ஒரு சிட்டிகை உப்பு. இந்த வித்தையில் அவனை யார் அசைக்க முடியும்? அன்றைக்கே சிவப்புச் சவர்க்காரத்தைத் துண்டு போட்டு, ஒரு பிடி உப்பையும் சேர்த்துக் காகிதத்தில் மடித்து அந்த ஜோடியின் கையில் திணித்தான். தானே ஒரு வரைபடமும் கீறி, தீவுக்குப் பக்கத்தில் நெளிநெளியாக ஒரு அட்டையையும் போட்டுக் கொடுத்தான். அதிலிருந்து தீவுக்குப் போகிற யாரும் அந்தப் பொட்டலம் இல்லாமல் விடுதிப் படி இறங்கியதில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் வினை இல்லை. அடுத்த வருஷம் ஹுன்னஸ்கிரியவுக்குப் பெண் பார்க்கப் போனான். பெண் யசோதா தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"நீங்க கடல் பாத்திருக்கீங்களா?"

சொந்த வேன் வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளை வேறு வரிசையில் இருப்பதாகத் தரகர் வழியிலேயே சொல்லியிருந்தார். இருளப்பன் அந்த வேனை நினைத்தான்.

"பாத்திருக்கேனாவா? தீவுலயே மூணு நாள் தங்கியிருக்கேன்."

"என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா?"

"கல்யாணம் முடிஞ்ச மாசமே போறோம்."

வேன்காரர் வந்த வழியே திரும்பினார். கல்யாணம் முடிந்து மாசம் போய், வருஷங்களும் போயின. ஒரு தடவை கடல் கொந்தளிப்பு, ஒரு தடவை விடுதியில் கூட்டம், பிறகு கொரோனா. போகாததற்கு ஈடாகக் கதை சொன்னான். விருந்தாளிகள் சொன்னதையெல்லாம் தனக்கே நடந்ததாக அவிழ்த்துவிட்டான். ஒரு ஆமை வந்து அவன் பாதத்தை முகர்ந்ததாம்! யசோதா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பதினோராவது வருஷம் முதலாளி கூரையைப் பிரிக்க முடிவெடுத்தார். "இருளப்பன், ஒரு கிழமை முழுக்க இந்தப் பக்கம் வராதீங்க." இந்த மடையன் அதை வீட்டில் வந்து உளறினான். பிள்ளைகளை அக்கா வீட்டில் விடுவதற்கு யசோதா அன்றைக்கே பேசி முடித்துவிட்டாள். இனி எந்தச் சாக்கு?

அவனுக்குக் கடல் பயமில்லை, அவள் முகம்தான் பயம். யசோதா தன்னைக் கட்டிக்கொண்டது அந்தத் தீவுக்காகத்தான் என்று அவன் மனதார நம்பினான். அது பொய்யென்று தெரிந்துபோனால், மிச்சமிருக்கும் இருளப்பனில் அவளுக்குப் பிடிக்க என்ன இருக்கிறதென்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை.

ஆனாலும் கெட்டிக்காரன் அல்லவா! குடிலை யசோதா பெயரில் பதிந்தான். "என் காலத்து வள்ளக்காரன் வேற ஆளு" என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தான். எவனோ விட்டுப் போன முதுகுப் பையில் அவள் ரொட்டி, கட்டச் சம்பல், இரண்டு தலையணை, சுடுதண்ணிப் போத்தல் எல்லாம் அடைத்தாள். பட்டியை இறுக்கத் தெரியாமல், பை பின்னால் இடிக்க இடிக்கக் கண்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். பன்னிரண்டு வருஷமாக மற்றவர்களுக்குப் பட்டி இறுக்கிக் கொடுத்த ஆள்.

கரைக்கு வந்து சேர்ந்ததும், வள்ளம் வருமுன், ஒரு மர நிழலில் அவளை உட்காரவைத்துச் சவர்க்காரத்தை எடுத்தான்.

"கால நீட்டு. அட்டை சும்மா விடாது."

அவள் நம்பிக்கையோடு நீட்டினாள். போத்தலில் ஆறிப்போயிருந்த தண்ணீரைத் தெளித்து முட்டிவரை தேய்த்துவிட்டான். தனக்கும் தேய்த்து, அதற்குமேல் காலுறையும் போட்டுக்கொண்டான்.

ராஜலிங்கம் வள்ளத்திலிருந்து இறங்கினார், நரைத்த மனிதர். அவர் பார்த்தது முகத்தையல்ல, கால்களை.

"கண்டியோ?"

"ஆமாங்க" என்றாள் யசோதா. "எப்பிடித் தெரியும்?"

அவர் சிரித்துக்கொண்டே வள்ளத்துப் பலகைக்குக் கீழிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். பெட்டி நிறையச் சிவப்புச் சவர்க்காரத் துண்டுகள்.

"இஞ்ச பாருங்கோ பிள்ளை. கண்டியில இரு எண்டொரு மனுசன். வாற வெள்ளையள் எல்லாருட்டையும் சவுக்காரமும் உப்பும் குடுத்து அனுப்புறார். கடலுக்கு உப்பு! எங்கட வீட்டு உடுப்பு முழுக்க இதிலதான் தோய்க்கிறம்."

"அட்டைக்குத்தானே?"

"அட்டைக்கோ!" அவர் வாளிக்குள் கைவிட்டு, புடலங்காய்த் துண்டு மாதிரி தடித்த கறுப்பு உயிரொன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "இதுதான் எங்கட அட்டை. கடலட்டை. அடியில சும்மா கிடக்கும், கடிக்கத் தெரியாது. காயவைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புறது. அந்த இரு ஒருநாளும் இஞ்ச கால் வைச்சிருக்க மாட்டார். வந்த மனுசனெண்டால் இப்பிடிச் சொல்லுவாரே?"

இருளப்பனுக்குக் காலுறைக்குள் வியர்த்தது. யசோதா கையிலிருந்ததை மெல்ல வாளிக்குள் திரும்ப விட்டாள். வள்ளத்தில் கால் மணி நேரமும் அவள் அவன் காலுறையையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடலுக்குள் குதித்துவிடலாமா என்றுகூட அவனுக்குத் தோன்றியது. நீச்சல் தெரியாது.

வள்ளம் திரும்பிப் போனது. அவன் பையை மணலில் இறக்கி வைத்ததும் யசோதா கேட்டாள்.

"அந்த ஆமை?"

"அது ஒரு ஜெர்மன்காரன்டது."

"தண்ணிக்குள்ள படுத்துக்கிட்டு வானம் பாத்தது?"

"பிரான்ஸ் புள்ள ஒண்ணு சொன்னிச்சு."

"அப்ப உங்களோடது எது?"

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"சவுக்காரம் மட்டுந்தான்."

"பதினோரு வருசம்! என்ன மனுசன் நீங்க!" அவள் பையைக் காலால் தள்ளினாள். "எத்தன பேருகிட்ட பீத்திக்கிட்டு இருந்தேன், எங்க வீட்டுக்காரரு தீவுல இருந்தவருன்னு. சீ!"

விறுவிறுவென்று தண்ணீர் ஓரத்துக்கு நடந்துவிட்டாள். அவன் பையின் பக்கத்தில் இன்னொரு பையாக நின்றான். அலை அவள் காலைத் தொட்டது, "அய்யோ அம்மா" என்று துள்ளினாள். திரும்பவும் வந்தது, திரும்பவும் துள்ளினாள். பிறகு முழுக் கடலையும் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அழுகிறாளா என்று பின்னாலிருந்து அவனுக்குத் தெரியவில்லை.

கடைசியில் முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"அப்ப நீங்களும் இன்னைக்குத்தான் பாக்குறீங்க?"

"ஆமா."

"நான் மட்டும் ஆன்னு பாத்துக்கிட்டு நிப்பேன், நீங்க பக்கத்துல நின்னு வெளக்கம் சொல்லுவீங்கன்னு நெனச்சிட்டு வந்தேன்." மூக்கைத் துடைத்தாள். "அதக் கழட்டிட்டு வாங்க. ஒரு வார்த்த பேசக் கூடாது."

காலுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனான். உப்புத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்கவில்லை. பிசுபிசுவென்று முட்டிவரை ஒட்டிக்கொண்டது. தூரத்தில் ஒரு பெரிய அலை எழும்பியது. இத்தனை பெரிதாக இருக்கும் என்று எந்த ஜெர்மன்காரனும் அவனிடம் சொல்லவில்லை. கரையைப் பார்த்துத் திரும்பி ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டான்.

யசோதா அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"இருங்க" என்றாள்.

அவன் இருந்தான்.