பேன் பார்த்த சனிக்கிழமைகள்

போன வாரம் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வண்டியை நிறுத்தியபோது ஒரு புதுக் கடை கண்ணில் பட்டது. பல் டாக்டருக்கும் செல்போன் கவர் கடைக்கும் நடுவில், கண்ணாடிக் கதவும் ஏ.சி.யுமாக, பேன் எடுப்பதற்கென்றே ஒரு கிளினிக். சத்தியமாகத்தான் சொல்கிறேன். முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டுமாம். உள்ளே சாய்வு நாற்காலியில் ஒரு சின்னப்பெண் மடியில் டேப்லெட்டை வைத்துக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்க, கையுறை மாட்டிய ஒருவர் அவள் தலைமேல் குழாய் மாதிரி எதையோ ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த சிரிப்பில் பச்சை விளக்கு விழுந்ததே தெரியவில்லை. பின்னாலிருந்து ஓர் ஆட்டோக்காரர் எழுப்பினார்: "இன்னாக்கா, இங்கியே வூடு கட்டிகினு குந்தப் போறியா?"

வண்டியை எடுத்துவிட்டேன். சிரிப்பு மட்டும் கேம்ப் ரோடு வரைக்கும் கூடவே வந்தது. காரணம் சொல்ல வேண்டுமானால் உங்களை என் ஏழாம் வகுப்புக்கு அழைத்துப் போக வேண்டும். தலையை மட்டும் ஒரு துண்டால் கட்டிக்கொண்டு வாருங்கள்.

நான் படித்தது தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளி. தனியார் பள்ளி, விடுதியும் உண்டு. பெயர் வேண்டாம், பழைய மாணவிகளின் வாட்ஸப் குழுவில் என்னை உரித்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே சிவப்பு ரிப்பன். உள்ளே வந்தால் இரண்டு நாடுகள். விடுதியில் தங்குகிறவர்கள் போர்டர்ஸ். வீட்டிலிருந்து வந்துபோகிற நாங்கள் டேஸ்காலர்ஸ், சுருக்கமாக ‘டேஸ்’. கண்ணை மூடிக்கொண்டே யார் எந்த நாடு என்று சொல்லிவிடலாம். அவர்கள்மேல் விடுதிச் சோப்பும் தேங்காயெண்ணெயும் மணக்கும். எங்கள்மேல் பஸ்ஸும் எலுமிச்சை சாதமும். அவர்களுக்கு எங்கள் டிபன் பாக்ஸ்மேல் கண். எங்களுக்கோ சாயங்கால மணி அடித்ததும் விடுதிச் சமையற்கட்டில் கொடுக்கிற ஜாம் பன்மேல் உயிர். என் புலம்பல் தாங்காமல் அம்மா அதே பன்னையும் ஜாமையும் வீட்டிலேயே வாங்கித் தந்து பார்த்தாள். ருசிக்கவில்லை. வரிசையில் முட்டிமோதி வாங்கினால்தான் அது பன்.

எனக்கு அந்தப் பன் தினமும் பாதி கிடைத்துக்கொண்டிருந்தது. கொடுத்தவள் பியூலா. போர்டர். அப்பா மஸ்கட்டில் ஏதோ கம்பெனியில், அம்மா அங்கேயே ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், அதனால் கோபம் வந்தால் மட்டும் "ஏட்டி" என்பாள், மற்ற நேரமெல்லாம் எங்களைப் போலவே "டீ". பன்னுக்குப் பதில் என் அம்மாவின் புளிசாதம் அவளுக்கு. ஒரே பெஞ்சு. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு தலைகளில் என்னுடையது எலிவால் பின்னல். அவளுடையதைப் பார்க்க அடுத்த செக்‌ஷனிலிருந்தெல்லாம் வருவார்கள். இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டினால்கூட இடுப்பில் இடிக்கும். மஸ்கட்டுக்குக் கிளம்பும் அன்று அவள் அம்மா எண்ணெய் தேய்த்துப் பின்னிவிட்டு, "நான் திரும்பி வர்ற வரைக்கும் பத்திரமா வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாராம். பியூலா அதை நகையைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

அந்த நகைப்பெட்டிக்குள்தான் திருடர்கள் புகுந்தார்கள்.

முதலில் கண்டுபிடித்தது புவியியல் வகுப்பில். மிஸ் மேசைமேல் இந்திய வரைபடத்தை விரித்துவைத்து, எங்களைச் சுற்றி நிற்கவைத்து ஆறுகளைக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. "மிஸ்," என்றாள் ஒருத்தி, குரல் நடுங்க, "நர்மதா நகருது." நர்மதை நகரவில்லை. நன்றாகக் கொழுத்த பேன் ஒன்று விந்திய மலையைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தது. வகுப்பே வீறிட்டது. மிஸ் நாற்காலிமேல் ஏறவில்லை, ஆனால் ஏற நினைத்தார் என்று இன்றும் சொல்வேன்.

அது யாருடைய தலையிலிருந்து விழுந்தது என்பதில்தான் போர் மூண்டது. "ஹாஸ்டல் தலகாணியிலேர்ந்துதான் வந்திருக்கும்" என்றோம் நாங்கள். "நீங்கதானே பஸ்லயும் ட்ரெயின்லயும் ஊரோட உரசிக்கிட்டு வர்றீங்க" என்றார்கள் அவர்கள். ஒரு வாரத்துக்குள் எல்லா வகுப்பிலும் விரல்கள் தலைக்குள்தான் இருந்தன. விடுதி ஆயா கண்ணம்மாக்கா மட்டும் நடுநிலை. போகிற வருகிற தலைகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, தலைல சந்தையே வச்சிகினு கீற?" என்று நாட்டு வித்தியாசம் பார்க்காமல் கேட்டாள்.

தீர்ப்பு சொன்னவர் வார்டன் ஜாய்ஸ் மிஸ். உயரமானவர். கஞ்சிபோட்ட காட்டன் புடவை, கல்லால் செதுக்கியது மாதிரி கொண்டை. அந்தக் கொண்டையிலிருந்து ஒரு முடி வெளியே வந்து நாங்கள் பார்த்ததில்லை. இனி டேஸ் எல்லோரும் ஜன்னல் பக்கம், போர்டர்ஸ் சுவர் பக்கம், நடுவில் ஒரு வரிசை பெஞ்சு காலியாக இருக்க வேண்டும் என்றார். சாப்பாட்டைப் பகிரக் கூடாது. ரிப்பன் மாற்றக் கூடாது. பேசுவதானால் தள்ளி நின்று பேச வேண்டும்.

பியூலா சுவரோரம் போய்விட்டாள். நான் ஜன்னலோரம். ஆனால் எங்களுக்கு ஒரு துணை இருந்தது. தாம்பரத்தில் படித்தவர்களுக்குத் தெரியும், விமானப்படையின் பயிற்சி விமானங்கள் கூரையை உரசுவதுபோல் போகும். அந்தச் சத்தத்தில் யாரும் பாடம் நடத்த முடியாது. மிஸ் சாக்பீஸோடு அப்படியே நிற்பார், விமானம் போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார். அந்த இடைவெளி எங்களுக்கு. விமானம் வந்ததும் காலி பெஞ்சுக்கு மேலாக இரண்டு பேரும் கத்திக் கதைபேசுவோம். உதடு அசைவதைப் பார்த்தால் சேர்ந்து பாடுவதுபோல் இருக்கும். ஒருநாள் அந்தப் பாழாய்ப்போன விமானம் பாதியிலேயே வேறு பக்கம் திரும்பிவிட்டது. அமைதியான வகுப்பறையில் என் குரல் மட்டும் கணீரென்று ஒலித்தது: "ஜாய்ஸ் மிஸ் கொண்டைக்குள்ள குடும்பமே குடியிருக்கும்டீ!"

கதவருகே ஜாய்ஸ் மிஸ் நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் பீரியட் முழுக்க நான் வெளியே வராந்தாவில் நின்றேன். பியூலாவுக்கு உள்ளே சிரிப்பை அடக்கி அடக்கி விக்கல் வந்து, அவளையும் வெளியே அனுப்பினார்கள். ஆக, அந்த வாரத்தில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்ற ஒரே நேரம் அதுதான். இருவருக்கும் நடுவில் ஒரு தூண் இருக்குமாறு நிற்கச் சொல்லியிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் அடுத்த அறிவிப்பு சிரிப்பாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு முடிவெட்டுபவர் வருவார், அன்றைக்கும் யார் தலையில் பேன் இருக்கிறதோ அவர்களுக்கு ஒட்ட வெட்டிவிடப்படும் என்றார் ஜாய்ஸ் மிஸ். டேஸுக்கு வீட்டில் அம்மாக்கள் இருந்தார்கள். போர்டர்ஸுக்குக் கண்ணம்மாக்கா ஒருத்திதான், அவளுக்கோ அத்தனை தலைகள். விடுதித் தோழிகள் பியூலாவுக்குப் பேன் பார்க்க உட்கார்ந்து, பார்த்ததைவிடச் சிக்காக்கியதுதான் அதிகம்.

"அம்மா வரும்போது என்னை அடையாளமே தெரியாது" என்றாள் பியூலா, தண்ணீர்க் குழாயருகே தள்ளி நின்றுகொண்டு. நான் ஏதோ சொல்லித் தேற்றப் பார்த்தேன். "ஏட்டி, சும்மா இரு. உனக்கு உங்கம்மா தெனமும் இருக்காங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மாவுக்குக் கிண்டியில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும், பேசாமல் என் தலையைப் பிடித்துத் தன் பக்கம் சாய்த்தாள். பேன்சீப்பை ஓர் இழுப்பு இழுத்துச் செய்தித்தாளில் தட்டினாள். நாலைந்து விழுந்து நாலா பக்கமும் ஓடின.

"டேஸ்காலரா போர்டரான்னு பேனுக்கு என்னடி தெரியும்?" என்றாள். பிறகு, "இந்த வாரம் ரெண்டாம் சனிக்கிழமை, எனக்கு லீவு. ஹாஸ்டல்ல விசிட்டர்ஸை விடுவாங்கல்ல?"

விட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் அம்மா ஒரு பையோடு வந்து இறங்கினாள். பைக்குள் திருநீர்மலை அடிவாரத்துக் கடையில் வாங்கிய மரப் பேன்சீப்பு, வேப்பெண்ணெய், பழைய செய்தித்தாள், ஒரு தூக்கு நிறையப் புளிசாதம். விளையாட்டுத் திடலோரம் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தது. அதன் நிழலில் பாயை விரித்து உட்கார்ந்தாள். "வாம்மா பியூலா" என்று அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

பேன் குத்துகிற பெண்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு, கவனித்திருப்பீர்கள். இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் பேன் நசுங்கும்போது, தன்னை அறியாமல் வாயால் "ஸ்ஸ்" என்று காற்றை இழுப்பார்கள். வலி பேனுக்கு, சத்தம் நமக்கு. அம்மாவுக்கு அது ரொம்பவே உண்டு. ஸ்ஸ்... ஸ்ஸ்... கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டு விடுதியே வந்துவிட்டது. பியூலா எழுந்ததும் இன்னொருத்தி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை. ஜாம் பன்னுக்கு நிற்பதுபோலவே முட்டிமோதிக்கொண்டு. "ஆன்ட்டி, எனக்கு ஆன்ட்டி!" அங்கே யாரையோ பார்க்க வந்திருந்த இன்னும் இரண்டு அம்மாக்களும் சீப்பு கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். மரத்தடியில் ஒரே ஸ்ஸ். பாம்புப் பண்ணைபோல.

அப்போது கஞ்சிப் புடவை மொடமொடக்க ஜாய்ஸ் மிஸ் வந்தார். வரிசை வாய் மூடியது.

"என்ன நடக்குது இங்க?"

அம்மா எழுந்திருக்கவில்லை. மடியில் தலை இருந்ததே. "பிள்ளைங்களுக்குத் தலை பார்க்கிறேன் மிஸ். வேண்டாம்னா நிறுத்திடறேன்" என்றாள். "நீங்களும் எவ்வளவுன்னுதான் பார்ப்பீங்க? ராத்திரி பகல் இதுங்களோட இருக்கீங்க. உங்களுக்கு யாரு பார்ப்பாங்க?"

ஜாய்ஸ் மிஸ்ஸிடம் அப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "எனக்கெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றார். ஆனால் போகவில்லை. "எதுக்கும் ஒரு தடவை சீப்பு போட்டுறலாமே மிஸ்" என்றாள் அம்மா, பாயைத் தட்டிக் காட்டி.

நம்பினால் நம்புங்கள், ஜாய்ஸ் மிஸ் உட்கார்ந்தார். கொண்டையை அவிழ்த்தார். அது பாட்டுக்கு முதுகு முழுக்க அவிழ்ந்து விழுந்தது. அம்மா முன்னால் வகிடெடுத்தாள், பின்னால் பார்த்தாள், காதோரம் வந்தாள். கை நின்றது. இரண்டு கட்டைவிரல்களும் சேர்ந்தன.

"ஸ்ஸ்."

பழக்கதோஷம். வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது. பியூலா என் கையை நகம் பதியக் கிள்ளினாள்.

"என்ன?" என்றார் ஜாய்ஸ் மிஸ், திரும்பாமல்.

"ஒண்ணுமில்ல மிஸ், முதுகு பிடிச்சிக்கிச்சு" என்றாள் அம்மா. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"தலையில?"

"லேசாப் பொடுகு மிஸ். அவ்வளவுதான்."

"பொடுகுதானே?"

"பொடுகுதான்." அதற்குப் பிறகு அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வேலைசெய்தாள். இன்னும் சில தடவை கட்டைவிரல்கள் சேர்ந்தன, சத்தம் மட்டும் வரவில்லை. பியூலாவும் நானும் மரத்துக்குப் பின்னால் ஓடிப்போய், வாயில் ரிப்பனைத் திணித்துக்கொண்டு, தரையில் உருண்டு சிரித்தோம். வயிறு வலித்து, கண்ணில் தண்ணீர் வந்து, நிறுத்திவிட்டோம் என்று நினைக்கும்போது ஒருத்தி "பொடுகுதானே" என்பாள். மறுபடியும் முதலிலிருந்து.

ஜாய்ஸ் மிஸ் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தார். அம்மாவுக்குச் சமையற்கட்டிலிருந்து டீ வந்தது, ஜாம் பன்னும். ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டுபவர் வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஜாய்ஸ் மிஸ்ஸும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் நடு பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பியூலா எங்கள் பெஞ்சில் எனக்கு இடம்போட்டு வைத்திருந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் அம்மா சீப்போடு போனாள். நானும் ஒட்டிக்கொள்வேன். பேன் எல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டது. வரிசை மட்டும் குறையவே இல்லை. "அரிக்குது ஆன்ட்டி" என்று வந்து மடியில் தலை வைப்பார்கள். அம்மா சுத்தமான தலையில் சீப்பை ஓட்டுவாள். ஒன்றும் விழாது. "இருக்கா ஆன்ட்டி?" "இருக்கு இருக்கு, அசையாம படு" என்பாள், சும்மாவே ஒரு "ஸ்ஸ்" போட்டு. அந்த ஊர் இந்த ஊர் என்று எங்கிருந்தோ வந்த பெண்கள், கண்ணை மூடி, காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வரும். அடுத்த கோடை விடுமுறைக்குப் பியூலாவின் அம்மா வந்தபோது மகள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பின்னலைத்தான் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

இப்போது அங்கே விடுதி இல்லை. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற அப்பா அம்மாக்கள் குறைந்துபோய், ஒரு வருடம் மூடினார்கள், மூடியது மூடியதுதான். ஜாய்ஸ் மிஸ் ஓய்வுபெற்று ஊருக்குப் போய், அங்கேயே காலமானார். அம்மா இருக்கிறாள், முழங்கால் வலியோடு. தரையில் உட்கார முடியாது.

போன கிறிஸ்துமஸுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து பியூலா வந்திருந்தாள். பள்ளிக்கு விடுமுறை விடுவதற்கு முன்னால் ஒருநாள் இரண்டு பேரும் அங்கே போனோம். கேட்டில் செக்யூரிட்டி, "அப்பாயின்ட்மென்ட் இருக்கா மேடம்?" என்றார். இல்லை. கம்பிக்கு வெளியே நின்றபடியே எட்டிப் பார்த்தோம். மரம் இல்லை. அந்தத் திடலோரம் முழுக்க மஞ்சள் பள்ளிப் பேருந்துகள்.

"ஆன்ட்டி எங்கடீ உக்காருவாங்க? அந்தக் கடைசி பஸ் நிக்குதே, அங்கதானே?"

"இல்லடீ, அதுக்கு முன்னாடி பஸ். திடல் அங்கதான் திரும்பும்."

"நீ உருண்டது எங்க?"

"பஸ்ஸுக்கு அடியில."

செக்யூரிட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நரை கண்ட இரண்டு பெண்கள் பள்ளிக்கூட கேட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? அதற்குள் பள்ளி விடுகிற நேரம் ஆகிவிட்டது. ஓட்டுநர்கள் வந்து ஒவ்வொரு பேருந்தாக எடுத்தார்கள். நாங்கள் சண்டைபோட்ட இரண்டு பேருந்துகளும் நகர்ந்து போயின. அடியில் சிமென்ட் தரை. ஒரு சருகுகூட இல்லை.