“வேற?” என்று கேட்டவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கோமதிநாயகம் அண்ணாச்சியின் மகள் என் வீட்டுச் சாவியைத் திருப்பித் தர வந்தாள். “அப்பா போயிட்டாவ, சார்வாள். எல்லாச் சாவியையும் சேத்திரச் சொன்னாவ” என்றாள். இன்னும் ஆறு வீட்டுச் சாவிகள் அவள் மடியில் இருந்தன. குற்றாலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போய் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். நம் வீடுகளையும் மாடு, நாய், பூனைகளையும் பார்த்துக்கொண்ட மனிதர் போய்விட்டார்.

அவரிடம் வீட்டை ஒப்படைப்பது லேசுப்பட்ட காரியமா? சாரலில் எந்தக் கதவு இறுகும், பூனை எந்தப் படியில் படுக்கும் என்று குடைந்து எடுப்பார். எல்லாம் சொல்லி முடித்தால், “வேற?” என்பார். தென்காசியில் ரயில் நமக்காகவா காத்திருக்கும்? “சொல்லாம விட்டதுதான் சார்வாள், நீங்க போன பொறவு என்னையப் போட்டு வதைக்கும்” என்பார். வீடு பார்க்க வந்தவரா, சாட்சி விசாரிக்க வந்தவரா என்று ஒருமுறை எரிச்சலில் கேட்டேவிட்டேன். “ரெண்டுந்தான்” என்றார், சிரிக்காமல்.

மகளின் பிரசவத்துக்காக நான் மதுரைக்குப் புறப்பட்டபோது, எங்கள் மலை மைனாவை அவரிடம் விட்டேன். பழம், தண்ணீர், கூண்டுத் துணி எல்லாம் சொன்னேன்.

“வேற?”

“ஒண்ணுமில்லை.”

பொய். அது என் மனைவி வளர்த்த மைனா. அவள் இறந்து இரண்டு வருடமாகியும், காலையில் அவள் குரலிலேயே “ஏங்க, இங்கன வாங்க” என்று கூப்பிடும். “வந்துட்டேன்” என்று நான் போய் நின்றால்தான் பழத்தைத் தொடும். ஐம்பது வயது வாத்தியார் இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

நான்காம் நாள் அவரிடமிருந்து தபால் கார்டு வந்தது. “நேற்றிலிருந்து மைனா தின்னவில்லை. யாரையோ கூப்பிடுகிறது. என்ன பதில் சொல்வீர்கள்? வெட்கப்படாமல் எழுதவும்.” வெட்கம் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கார்டு போய்ச் சேருவதற்குள் பறவை செத்துவிடுமே என்று தந்தியடிக்க ஓடினேன். “கூப்பிட்டால் வந்துட்டேன் என்று சொல்லவும்” என்ற வாசகத்தைக் குமாஸ்தா இரண்டு முறை படித்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தார்.

அடுத்த கார்டு இப்படி இருந்தது: “சொன்னேன், தின்னவில்லை. அடுக்களையிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் உங்கள் மர மிதியடியை மாட்டிக்கொண்டு முன்னறையிலிருந்து நடந்து வந்து சொன்னேன். முக்கால் பழம் தின்றது. மிதியடிச் சமாச்சாரத்தை நீங்கள் சொல்லவில்லையே?” அது எனக்கே தெரியாது.

திரும்பி வந்ததும், யார் குரல் என்று ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்டேன்.

“மைனாவுக்குத் தீனி போட அது வேண்டாம்லா சார்வாள். சொல்லணும்னு தோணிச்சின்னா நீங்களே சொல்லுவிய” என்றார்.

சொன்னேன். என் மனைவியைப் பற்றி இரண்டு வருடமாக யாரிடமும் பேசாத நான், மத்தியானம் வரை பேசினேன். நான் நிறுத்தியபோதெல்லாம் அவர் மெதுவாக “வேற?” என்றார். கூண்டிலிருந்த மைனாவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது போலிருக்கிறது. சில நாளில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான்.

செவ்வாய்க்கிழமை அவர் மகள் போன பிறகு மிதியடியை மாட்டிக்கொண்டு கூண்டருகே போனேன்.

“அண்ணாச்சி இனிமே வரமாட்டாரு” என்றேன்.

“வேற?” என்றது மைனா, அவர் குரலில்.